வத்தேகமவில் சுராங்கனி: ஒரு நடனப் பாடலும் அதன் மாற்றுருவங்களும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாடல் உருவாகும்போது குரல், மேளம், கிற்றார், கீபோர்ட் ஆகியவை நாடாவின் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. அந்தத் தடங்களை மீண்டும் எடுத்து, சிலவற்றை உயர்த்தி, சிலவற்றை அமுக்கி, சில பகுதிகளை நீட்டி, புதிய தாளமொன்றைச் சேர்த்து அதே பாடலை வேறொரு வடிவில் வெளியிடுவதே ரீமிக்ஸ், அதாவது மீள்கலப்பு என்று இசைத்துறையில் வழங்கப்படுகிறது. எனவே மீள்கலப்பு என்பது மூலநாடாவைக் கையில் வைத்திருப்பவரின் உரிமையாகவும் வசதியாகவுமே இருந்து வந்துள்ளது. மூலநாடா எவர் கையிலும் இல்லாத ஊர்களில், ஒரு வானொலிப் பெட்டியும் இரண்டு கைகளும் மட்டுமே இருந்த இடங்களில், ஒரு நடனப் பாடல் எவ்வாறு உருமாறிக்கொண்டே இருந்தது என்பதை இசை வரலாறு எழுதுவோர் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. 1980களில் வத்தேகமவில் பள்ளிப் பருவத்தைக் கழித்த இக்கட்டுரையாளரின் நினைவில், அத்தகைய உருமாற்றத்துக்குச் 'சுராங்கனி'யைப் போல் வேறொரு பாடல் இல்லை.

வத்தேகம, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதையில் அமைந்த சிறு நகரம். 1880இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, வத்தேகமவையும் உக்குவெலவையும் தொட்டு மாத்தளையில் முடிகிறது. நகரத்துக்கு மேலே பன்வில, மடுல்கெல எனத் தேயிலைத் தோட்டங்கள் நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச் செல்கின்றன. கீழே கண்டிக்குப் போகும் வழியில் மடவளை. ஆகவே தோட்டத்துத் தமிழர், கடைவீதி முஸ்லிம்கள், சுற்றுக் கிராமச் சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தாரும் ஒரே பஸ்ஸிலும் ஒரே ரயில் பெட்டியிலும் ஏறியிறங்கும் ஊராக அது இருந்தது. சிங்களத்தில் பல்லவியும் தமிழில் சரணமுமாக அமைந்த ஒரு பாட்டு அங்கே எவருக்கும் அந்நியமாகத் தோன்றாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தப் பாட்டின் அடித்தளம் பைலா. போர்த்துக்கேய மொழியில் நடனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இந்த வடிவம், 16ஆம் நூற்றாண்டில் கரையோரத்துக்கு வந்த போர்த்துக்கேயரும், அவர்களுடன் வந்த ஆபிரிக்க வழியினரும் விட்டுச்சென்ற கஃபிரிஞ்ஞா என்னும் ஆட்டப்பாட்டிலிருந்து வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் வொலி பஸ்தியன் போன்ற கலைஞர்களின் வழியாக அது சிங்கள மேடைக்கு வந்தது. அதன் தாளத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு சிறு தட்டுகள் உண்டு. அந்த ஆறை மூன்று மூன்றாக இருமுறையும் எண்ணலாம், இரண்டு இரண்டாக மும்முறையும் எண்ணலாம். கருநாடக இசை பயின்றவர்கள் இதைத் திஸ்ர நடையோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வார்கள். கேட்பவரின் காலும் கையும் ஒரே வேளையில் இந்த இரு கணக்குகளுக்கும் இடையே ஊசலாடுவதுதான் பைலாவின் துள்ளலுக்குக் காரணம். இசையறிவு எதுவும் இல்லாதவர்கூட இந்தத் தாளம் ஒலித்தவுடன் தோளை அசைப்பது இதனால்தான்.

இலங்கைத் தமிழர்களிடையே இந்தத் துள்ளலைப் பொப்பிசை என்ற பெயரில் பரப்பியவர்களுள் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் முதன்மையானவர்கள். கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' வீட்டுத் திண்ணையின் கேலிப்பேச்சைப் பாட்டாக்கியது என்றால், மனோகரனின் 'சுராங்கனி' கடலிலிருந்து மீன் கொண்டுவரும் ஒருவன் ஒரு பெண்ணை அழைக்கும் எளிய செய்தியை எடுத்துக்கொண்டு, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சுழற்றிச் சுழற்றிப் பாடக்கூடியதாக அமைத்திருந்தது. கடலையே காணாத மலைநாட்டுப் பிள்ளைகள் மீன் பாட்டொன்றைத் தங்கள் சொத்தாகப் பாடித் திரிந்தது வேடிக்கைதான். ஆனால் அவ்வூரில் கருவாடு இல்லாத வீடும் இருக்கவில்லை.

1970 முதல் 1977 வரை நாட்டில் நிலவிய கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடுகளால், வெளிநாட்டு இசைத்தட்டுகளும் ஒலிக்கருவிகளும் சாதாரண மக்களுக்கு எட்டாத பொருள்களாயின. அந்த ஆண்டுகளில் உள்ளூர்ப் பாடல்களுக்கு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை பெரிய மேடையாக இருந்தது. தோட்டத்து லயங்கள் பலவற்றில் அப்போது மின்சாரம் கிடையாது. வானொலிக்கு உயிர் கொடுத்தவை பெரிய பற்றரிகள். அவை தளர்ந்து குரல் கம்மத் தொடங்கியதும் அவற்றைக் கழற்றி, லயத்துக்கு முன்னால் உள்ள கல்லின் மீது வெயிலில் வரிசையாகக் காயவைத்து, மாலையில் மீண்டும் போட்டு இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். தளர்ந்த பற்றரியில் கேட்ட பாட்டில் தாழ்ந்த சுருதி ஓசைகள் எல்லாம் மறைந்து, குரலும் கைத்தாளமும் மட்டுமே எஞ்சும். பிற்காலத்தில் நல்ல ஒலிக்கருவியில் அதே பாட்டைக் கேட்டபோது, அதற்குள் ஒரு பேஸ் கிற்றார் இருந்ததைக் கட்டுரையாளர் முதன்முதலாக அறிந்துகொண்டார். மேலை நாட்டு ஒலிக்கலவையாளர் வேண்டுமென்றே செய்யும் நீக்கல் வேலையை இங்கே பற்றரி செய்து முடித்திருந்தது.

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்நாட்டுத் திரைப்படத்துக்காக இளையராஜா அதே பாடலை எடுத்துக்கொண்டு, மலேசியா வாசுதேவனின் குரலில் பாடவைத்தார். இதனால் இலங்கைப் பாடல் இந்தியாவுக்குச் சென்று திரைப்பாடலாகி மீண்டும் இலங்கை வானொலிக்கே வந்து சேர்ந்தது. வத்தேகமவில் இரண்டு வடிவங்களுக்கும் ஆதரவாளர் இருந்தனர். திரைப்பட வடிவத்தை விரும்பியவர்கள் அதன் வாத்தியப் பெருக்கத்தைச் சுட்டினர். மனோகரனின் வடிவத்தை விரும்பியவர்களோ, கூடியிருந்து பாடும் நாலு பேரின் கூட்டத்தில் தாங்களும் ஒருவராக நிற்பதுபோல அது கேட்கிறது என்றனர். கட்டுரையாளரின் சார்பு இரண்டாம் அணியிலேயே இருந்து வருகிறது. திரைவடிவம் கேட்பதற்கானது, மனோகரனுடையது சேர்ந்து பாடுவதற்கானது. மனோகரனும் பின்னர் சென்னையில் குடியேறி, 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் திரைப்பட நடிகராகவும் அறியப்பட்டு, 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார்.

1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் திரும்பி வந்ததும் கசெட் வானொலிப் பெட்டிகள் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தன. அவற்றோடு 'ரெக்கோர்டிங் பார்' எனப்பட்ட கடைகளும் முளைத்தன. அப்பியாசக் கொப்பித் தாளொன்றில் பாடல்களை வரிசையாக எழுதி, வெற்றுக் கசெட்டொன்றுடன் கொடுத்தால், ஒரு கிழமையில் அந்தப் பாடல்களைப் பதிந்து தருவது அக்கடைகளின் தொழில். அறுபது நிமிடக் கசெட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கணக்குச் சரியாக வராத இடத்தில் கடைசிப் பாடல் நடுவிலேயே அறுந்துபோகும். கட்டுரையாளரின் வீட்டிலிருந்த கசெட்டில் அவ்வாறு அறுந்தது 'சுராங்கனி'யே. இரண்டாம் சரணம் தொடங்கி, பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் ஒரு சொடுக்கொலி கேட்கும், அவ்வளவுதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் பல ஆண்டுகள் அந்தப் பாட்டை அந்த இடத்தில் நிறுத்தி, நாக்கால் ஒரு சொடுக்கும் போட்டு முடித்தார்கள். பள்ளியில் மற்றவர்கள் மூன்றாம் சரணத்துக்குப் போனபோது அதைப் புதிதாக எவரோ சேர்த்துவிட்டார்கள் என்று வாதாடவும் செய்தார்கள்.

இதே கடைகளின் வழியாகவே இயந்திர இசையும் வந்தது. சிந்தசைசர் என்பது மின்சுற்றுகளால் ஒலியைப் பிறப்பிக்கும் கருவி. அதையே முதன்மை வாத்தியமாகக் கொண்டு, மனித மேளகாரருக்குப் பதிலாகத் தாள இயந்திரத்தை வைத்து, பாட்டின் இனிமையையும் விடாமல் அமைந்த இசைவகை சிந்த்பொப் எனப்பட்டது. மன்செஸ்டர் நகரத்து நியூ ஓடர் குழு 1983 மார்ச்சில் வெளியிட்ட 'புளூ மண்டே' அதன் மிகப் பெயர்பெற்ற நடன ஒற்றைப்பாடல்களுள் ஒன்று. ஒற்றைப்பாடல் என்பது தொகுப்பாக அல்லாமல் தனியே விற்கப்படும் பாடல். அதைப் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டில் அகன்ற வரிகளாக வெட்டினால் தாழ்ந்த ஓசைகள் அழுத்தமாகப் பதியும். பாட்டை நீட்டிப் போடவும் இடம் கிடைக்கும். 'புளூ மண்டே' ஏழரை நிமிடம் ஓடுவது. பாடும் குரல் வந்து சேர்வதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற தாள இயந்திரத்தின் உதை மேளம் தடதடவென்று பதினாறாகச் சிதறி விழுவதுதான் அதன் முகவரி. பீட்டர் சாவில் வடிவமைத்த அதன் உறை, அக்காலக் கணினிகளின் நெகிழ்வட்டைப் போல அமைந்திருந்தது. 1988இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸின் பங்களிப்புடன் புதிய கலவையொன்றும், 1995இல் மற்றுமொன்றும் வெளிவந்தன. மூன்று வடிவங்களும் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்தன.

கண்டியில் பதிந்து வந்த ஒரு கலப்புக் கசெட்டில், போனி எம் குழுவின் பாடல்களுக்கு நடுவே, பெயர் எழுதப்படாமல் அந்தப் பாடல் இருந்தது. வத்தேகம இளைஞர்களின் முதல் தீர்ப்பு பாராட்டாக அமையவில்லை. பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டார்கள்; இது பாட்டா, அச்சியந்திரமா என்றும் கேட்டார்கள். நான்கு சமத் தட்டுகள் மாறாமல் ஓடும் அந்தத் தாளத்தில் ஊசலாட்டம் இல்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே மயிரிழை வேறுபாடும் இல்லை. பைலாவில் பழகிய உடல் அதில் எங்கே சாய்வது என்று தெரியாமல் நின்றது. ஆயினும் திரும்பத் திரும்பக் கேட்டதில், மாறாத தாளத்தின் மேல் ஒவ்வொரு ஓசையாக ஏறி இறங்குவதே அங்கே கதை என்பது பிடிபட்டது. மாரியம்மன் திருவிழாவில் தப்பு அடிப்பவர்கள் ஒரே அடியை வெகுநேரம் நிலைநிறுத்தி, அதன் மீது ஒருவர் பின் ஒருவராக நுழைந்து வேகம் கூட்டுவதைக் கண்டவர்களுக்கு அது அவ்வளவு புதிய கலையன்று.

தப்பு இங்கே விரிவாகக் குறிப்பிடத்தக்கது. தோட்டங்களில் சாவுக்கும் சாமிக்கும் காமன் கூத்துக்கும் முழங்கும் இந்த ஒருபக்கத் தோல்வாத்தியத்தை, வலக்கையில் தடித்த குச்சியும் இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சியும் கொண்டு அடிப்பர். அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவர். பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றின் திருவிழா இரவில், கரகம் பாலித்து முடிந்தபின், இளைஞர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி அந்தக் கலைஞர்கள் 'சுராங்கனி'யைத் தப்பில் எடுத்ததைக் கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். மெல்லிய குச்சி ஆறு சிறு தட்டுகளையும் விடாமல் தெறித்துக்கொண்டிருக்க, தடித்த குச்சி முதல் தட்டிலும் நான்காம் தட்டிலும் விழுந்தது. ஐந்தாம் சுற்றிலோ ஆறாம் சுற்றிலோ அது இடம் மாறி, இரண்டு இரண்டாக எண்ணும் கணக்குக்குத் தாவியது. பாடியவர்கள் ஒரு கணம் தடுமாறி, சிரித்து, மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கலைஞர்கள் பைலா கற்றவர்கள் அல்லர். கடற்கரைத் தாளத்தின் உள்கட்டமைப்பைக் காதாலேயே பிரித்துப் பார்த்து, தங்களுடைய அடியில் மறுபடி கட்டிக்கொண்டார்கள். மேளத்தடத்தை மட்டும் நீக்கிப் புதியதொன்றை வைக்கும் மீள்கலப்பாளரின் வேலைக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

பள்ளிச் சுற்றுலாக்களிலும் மாத்தளை ரயிலிலும் இதே வேலை பலகையில் நடந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஆசனப் பலகையைக் குத்தினால் தாழ்ந்த ஓசை. விரல் நுனியால் தட்டினால் நடு ஓசை. ஜன்னலின் தகரச் சட்டத்தில் ஐம்பது சதக் குற்றியை உரசினால் சலங்கை. யார் எதை எடுப்பது என்பதில் ஓர் எழுதாத ஒழுங்கு இருந்தது. குற்றி வைத்திருப்பவன் பாடக்கூடாது, ஏனெனில் பாடினால் தாளம் தளரும். சிங்கள மாணவர்கள் ஏறிக்கொண்டால் பல்லவி நீண்டு சரணம் சுருங்கும். தமிழ் மாணவர் மட்டும் இருந்தால், ஆசிரியர்களையும் தோட்டத்துத் துரையையும் கேலி செய்யும் புதுச் சரணங்கள் முளைக்கும். அவற்றை இங்கே எழுதுவது பொருத்தமில்லை. அவற்றுள் சில அச்சேறத் தகாதவை.

1980களின் பிற்பகுதியில் மேடைகளுக்கு மின்னணுக் கருவிகள் வந்தன. கீபோர்ட் வாசிப்பவர் கண்டியிலிருந்து வருவார். அவர் பெட்டியைத் திறக்கும்போதே மேடைக்கு முன்னால் கூட்டம் சேரும். மலிவான கீபோர்ட்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் ரொக், டிஸ்கோ, வோல்ட்ஸ் என்று முன்கூட்டியே அமைத்த தாளங்கள் தாமே ஓடும். கருவி செய்தவர் அடைத்துக்கொடுத்த இத்தகைய தாளம் ஓர் இசை வரலாற்றையே மாற்றியதற்கு ஜமைக்கா எடுத்துக்காட்டு. அங்கே கசியோ எம்டி-40 என்ற சிறு கீபோர்ட்டின் ஆயத்தத் தாளமொன்றை அப்படியே எடுத்து 1985இல் வெய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' பெருவெற்றி பெற்று, ஜமைக்க இசையையே இயந்திரத்தின் பக்கம் திருப்பிவிட்டது. வத்தேகம மேடைகளில் அப்படி எதுவும் நிகழவில்லை. டிஸ்கோ பொத்தானை அழுத்திவிட்டுச் 'சுராங்கனி' பாடிய குழுவொன்றைக் கட்டுரையாளர் கேட்டதுண்டு. ஆறு தட்டுப் பாட்டை நான்கு தட்டுப் பெட்டிக்குள் அடக்கியதால், சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழுந்தன. முன்வரிசையில் இருந்த முதியவர்கள் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள்.

இந்த முரண்பாட்டைத் தீர்த்துவைத்தது ஒக்டபாட். ரோலண்ட் நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவியில் எட்டு இறப்பர் தட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் குச்சியால் தட்டும்போது, அதற்கென ஒதுக்கிய ஒலி இணைக்கப்பட்ட ஒலிக்கருவியிலிருந்து பிறக்கும். ஒலி இயந்திரத்துடையது, ஆனால் நேரக்கணக்கு மனிதக் கையுடையது. ஆகவே பொங்கோ, கொங்கா, தபேலா, மின்னணுக் கைத்தட்டல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஆள் பைலாவின் ஊசலாட்டம் குலையாமல் வாசிக்க முடிந்தது. இலங்கை மேடைகளில் இன்று கோலோச்சும் 'நொன்ஸ்டொப்' என்னும் வடிவம் இந்தக் கருவியின் துணையோடு தழைத்தது. பத்துப் பதினைந்து பாடல்களின் பல்லவிகளை மட்டும் எடுத்து, இடைநிறுத்தமே இல்லாமல், ஒரே வேகத்தில் ஒன்றோடொன்று கோத்துப் பாடுவது நொன்ஸ்டொப். நடனக்கூடத்தில் இரண்டு இசைத்தட்டுகளை ஒன்றன் முடிவில் மற்றதன் தொடக்கம் கலக்குமாறு ஓட்டும் டிஜேயின் வேலையை, இங்கே முழு இசைக்குழு உயிரோடு நின்று செய்கிறது. பைலா நொன்ஸ்டொப்பில் 'சுராங்கனி' பெரும்பாலும் வேகம் உச்சத்துக்குப் போகும் இடத்திலேயே வரும். சரணங்கள் போய்விட்டன, மீன் கொண்டு வந்தவனின் கதையும் போய்விட்டது. பல்லவியும் கூச்சலும் மட்டுமே மிச்சம். கண்டி பஸ்களில் இந்த நொன்ஸ்டொப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, பாட்டு என்றால் அதுவே.

தமிழ்த் திரையிசையும் இந்த வழிக்குத் தாமதமாக வந்தது. 'அடுத்த வாரிசு' படத்துக்காக 1983இல் இளையராஜா அமைத்த பாடலொன்றை, அவருடைய மகன் யுவன் சங்கர் ராஜா 2003இல் 'குறும்பு' படத்துக்குப் புதுப்பித்தார். மறு ஆண்டு 'படகோட்டி'யின் பாடலொன்றை ஏ. ஆர். ரகுமான் 'நியூ' படத்தில் மாற்றியமைத்தார். அதன்பின் ரீமிக்ஸ் இல்லாத படமே இல்லையோ என்னும்படி ஒரு காலம் நடந்தது. கண்டிப்பாகப் பார்த்தால், பழைய மெட்டைப் புதிய வாத்தியங்களோடு மீண்டும் பாடவைத்த இத்தகைய முயற்சிகள் மீளாக்கங்களே. மூலநாடாவைத் தொடாமல் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வதை வத்தேகம ரயிலின் மாணவர்கள் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே பழகியிருந்தார்கள் என்பதால், இந்தப் புதுமையில் கட்டுரையாளருக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை.

வியப்புக்குப் பதில் ஒரு மனக்குறை உண்டு. 'புளூ மண்டே'யின் தாளத்தை எந்த இயந்திரம் அடித்தது, உறையை யார் வரைந்தார், எந்த ஆண்டில் யார் மறுகலவை செய்தார் என்பதெல்லாம் உலகறிந்த செய்திகள். மனோகரனின் ஒலிப்பதிவில் கைத்தாளம் வாசித்தவர் யார், கூட்டுக்குரலில் நின்றவர்கள் யார் என்று வத்தேகமவில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தப்பில் அதை மறுபடி கட்டிய கலைஞர்களின் பெயர்கள் அந்தத் தோட்டத்து முதியவர்களின் நினைவோடு போய்க்கொண்டிருக்கின்றன. கசெட்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ரெக்கோர்டிங் பார்கள் தொலைபேசிக் கடைகளாகிவிட்டன. எவரும் பாடலாம், எவரும் மாற்றலாம் என்ற சுதந்திரம் அந்தப் பாட்டை வாழவைத்தது உண்மை. அதே சுதந்திரம் உழைத்தவர்களின் பெயர்களை அழித்ததும் உண்மை. முதலாவதைக் கொண்டாடுபவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை.

இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் பாதுகாக்கிறது. பழைய பொப்பிசை இசைத்தட்டுகள், அவற்றின் உறைகள், திருவிழா இரவுகளில் பதிந்த கசெட்டுகள், மேடைக்குழுக்களின் துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள், வாசித்தவரின் பெயர் தெரிந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி இணைத்து, அத்தகைய சேகரிப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும்.